நடிகர் திலகத்துக்கு ஒரு நாள்: எப்படி ரசிப்பது?

புரட்டாசி மாதத்தின் நடுப்பகுதியில், அக்டோபர் 1-ஆம் தேதி வந்துவிட்டால், பழைய படங்களுக்கு இடம் ஒதுக்கும் தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்களில் பல, காலை முதல் நள்ளிரவு வரையில் ஒரே மனிதரின் முகத்தையே வெவ்வேறு வேஷங்களில் காட்டிக்கொண்டிருப்பதைத் தமிழ்நாட்டு வீடுகள் நன்கு அறியும். 1928-இல் அதே தேதியில் விழுப்புரத்தில் பிறந்து, வி. சி. கணேசன் என்ற பெயருடன் சிறுவயதிலேயே நாடக சபையில் சேர்ந்து, அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்ததைப் பாராட்டிப் பெரியார் சூட்டிய ‘சிவாஜி’ என்ற பட்டத்தையே பெயராகக் கொண்டு, 2001 ஜூலை 21-இல் மறைந்த அந்தக் கலைஞருக்குத் தொலைக்காட்சி செய்யும் வருஷாந்தர மரியாதை அது. அமெரிக்காவில் பழைய படங்களுக்கென்றே நடைபெறும் டர்னர் கிளாசிக் மூவீஸ் என்ற நிலையம், 2003 முதல் ஆகஸ்டு மாதத்தின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கு எழுதி வைத்துவிடுகிறது. முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு பேர். நம்மிடம் அத்தகைய திட்டம் ஏதும் கிடையாது. எம்.ஜி.ஆருக்கு ஜனவரி 17, சிவாஜிக்கு அக்டோபர் 1 என்று பிறந்த நாள் கணக்கிலேயே காரியம் நடந்துவிடுகிறது. ஆயினும் ஒரு நடிகரை ஒரே நாளில், இருபது வயதிலிருந்து அறுபது வயது வரைக்கும் தொடர்ந்து காணும் சந்தர்ப்பம் வேறு எந்தக் கொட்டகையிலும் கிடைக்காத ஒன்றாகையால், அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பது யோசிக்கத் தக்கதே.

எங்கள் தளவாய்புரத்தில் இந்த யோசனைக்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. இது தையல் ஊர். ராஜபாளையத்திலிருந்து தெற்கே வந்தால், சேத்தூர், முகவூர், செட்டியார்பட்டி என்று தறியும் துணியுமாகப் பிழைக்கும் ஊர்களின் நடுவே, நைட்டி தைப்பதையே பிரதான ஜீவனமாகக் கொண்ட வீதிகள் இங்கே இருக்கின்றன. அக்டோபர் 1 அரசாங்க விடுமுறை அன்று. அடுத்த நாள் காந்தி ஜயந்திதான் விடுமுறை. அதுவுமன்றித் தீபாவளி ஆர்டர் தலைக்குமேல் நிற்கும் காலம். எனவே, சாய்வு நாற்காலியில் அமர்ந்து காலை முதல் இரவு வரை படம் பார்க்கும் பாக்கியம் இங்கே அநேகருக்கு இல்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும், சுவரில் ஓர் ஆணியிலோ, அலமாரியின் மேலோ தொலைக்காட்சிப் பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். கைகள் துணியில், கண்கள் ஊசியில், காது மட்டும் கட்டபொம்மனிடம்.

இதை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. சிவாஜியை முதலில் காதால் ரசிப்பதே முறை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். நம் பாட்டனார்கள் அவரை அறிந்ததே பாதிக்கு மேல் அப்படித்தான். கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே, கலியாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் ‘பராசக்தி’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ ஆகியவற்றின் வசனத் தட்டுகள் ஒலிபெருக்கியில் சுழன்று சுழன்று, படத்தைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் ஏற்ற இறக்கம் பிசகாமல் மனப்பாடமாகிவிட்டன. ஆகவே, நாளின் முதல் படத்தைத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேளுங்கள். மூச்சை எங்கே எடுக்கிறார், எந்தச் சொல்லின் முன் ஒரு கணம் நிற்கிறார், வாக்கியத்தின் வினையை உரத்து விடுகிறாரா அல்லது விழுங்கிவிடுகிறாரா என்று கவனியுங்கள். 1952 தீபாவளிக்கு வெளியான ‘பராசக்தி’யில் மு. கருணாநிதியின் வசனம் அடுக்கடுக்காக, எதுகை மோனையுடன், மூச்சு வாங்க இடமில்லாமல் வருவது; அதைச் செய்யுளாக ஒப்பித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்த நீதிமன்றக் கட்டத்தில், அடுக்கு மொழியின் ஓசையைக் கெடுக்காமலே, ஒவ்வோர் அடுக்கும் அந்தக் கணத்தில் அவன் நெஞ்சில் தோன்றியது போலப் பேசுகிறார். எழுத்தாளனின் சொல் நடிகனின் சொல்லாக மாறும் இந்த ரகசியம் கண்ணைவிடக் காதுக்கே நன்றாகப் பிடிபடும்.

இனிக் கண்ணுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு சிறு கருமம் இருக்கிறது. இந்தப் பழைய படங்களில் பெரும்பாலானவை, அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு என்ற சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய பெட்டிகளோ 16-க்கு 9 என்ற அகன்ற உருவம் கொண்டவை. திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் படத்தை இழுத்துவிட்டால், பத்மினி பருத்துப் போவார். சாவித்திரியின் முகம் தட்டையாகிவிடும். கணேசனின் நடை, இடுப்புக்குக் கீழே குறுகி, வேறு யாரோ நடப்பது போலாகிவிடும். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றி வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) வந்தால் மட்டும் நிலைமை நேர்மாறு. அதில் ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் காட்டினால், அரசவையில் பாதிப் பேரைக் காணோம் என்றாகும். முழு அகலமும் தெரியும்படி மேலும் கீழும் பட்டை விடுவதே சரி.

‘மிகை நடிப்பு’ என்ற குற்றச்சாட்டு, அக்டோபர் 1 அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இளைஞனாவது சொல்லியே தீருவது. அவனை அதட்ட வேண்டாம். அவன் காண்பது உண்மைதான், காரணம்தான் அவனுக்குத் தெரியாது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடக சபையில் சிறுவனாகச் சேர்ந்து, பெண் வேஷமும் கட்டி, ஒலிபெருக்கியின் ஒத்தாசையின்றிக் கடைசி வரிசைக்குக் குரலை எட்டச் செய்து பழகியவர் அவர். அவரது படங்கள் ஓடிய இடமோ, கூரைக்குக் கீழே மணல் தரையில் ஜனங்கள் நெருங்கியிருந்த டூரிங் டாக்கீஸ். ஒலி கரகரக்கும், ஒளி மங்கும், குழந்தைகள் அழும், முறுக்கு விற்பவன் குறுக்கே போவான். அந்தச் சந்தடியைத் தாண்டித் தரை டிக்கெட்டின் கடைக்கோடியில் இருப்பவனைச் சென்று தொட வேண்டிய ஒரு புருவ நெரிப்பை, நாம் இப்போது ஆறடி தூரத்தில், துல்லியமான கண்ணாடியில் பார்க்கிறோம். கோயில் கோபுரத்தின் உச்சியிலுள்ள சுதைப் பொம்மையை இறக்கி நடுவீட்டில் வைத்துக்கொண்டு, கண் பெரிதாயிருக்கிறதே என்று சொல்வதற்கு ஒப்பானது இது. ஆகையால், கட்டபொம்மன், கர்ணன் முதலிய படங்களுக்கு நாற்காலியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். இடவசதி இருந்தால் வாசற்படியிலிருந்தே பாருங்கள்.

ஆனால் அவருக்கு உரத்த சுருதி ஒன்றுதான் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு, நான் எப்போதும் சிபாரிசு செய்யும் ஜோடி ஒன்று உண்டு. பி. ஆர். பந்துலு என்ற ஒரே டைரக்டர், ஒரே நடிகரை வைத்து, நம்முடைய தென்சீமையின் இரண்டு வீரர்களைப் படமாக்கினார்: 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’. முதலாவது படம் கர்ஜனை. ஜாக்சன் துரையின் எதிரில் அமர்வதற்கு ஆசனம் இல்லாதபோது தானே ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு அமரும் மனிதனின் தோளைப் பாருங்கள். வசனம் தொடங்குமுன்பே சண்டை தொடங்கிவிட்டது. இந்தப் பாத்திரத்துக்காகவே 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசு அவருக்குக் கிடைத்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் பிற்காலத்தில் சிலை வைத்தவரும் அவரே.

இரண்டாவது படத்தில் அந்தத் தோளே சிறுகச் சிறுகச் சரிகிறது. முற்பகுதியில் தூத்துக்குடி வக்கீலாக, கம்பெனி தொடங்கிக் கப்பல் வாங்கும் உற்சாக புருஷராக நிமிர்ந்து நடக்கும் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்ட பிறகு, குரலை உயர்த்துவதையே மறந்துவிடுகிறார். தண்டனை முடிந்து சிறைவாசலுக்கு வெளியே வருகிறார். மாலையும் கோஷமுமாய் ஒரு ஜனசமுத்திரம் அவரை வழியனுப்பிய தேசத்தில், வரவேற்க ஜனமில்லை. தொழுநோயால் உருமாறிப்போன ஒரு மனிதர் மட்டும் நிற்கிறார். அவர் சுப்பிரமணிய சிவா, டி. கே. சண்முகம் நடித்தது. பிள்ளைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு நடிகரின் முகம் என்ன செய்கிறது என்பதை இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. அந்த நேரத்தில் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுத் திரையைப் பாருங்கள் என்று சொல்லுவேன். கட்டபொம்மனில் நீங்கள் எதை மிகை என்றீர்களோ, அதைத் தேடினாலும் இங்கே கிடைக்காது. வசூலில் இந்தப் படம் முன்னதற்கு ஈடாகவில்லை. ஜனங்கள் கர்ஜனையையே எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும்.

அடுத்தபடியாகக் கைகளைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு உகந்தது, கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் 1968-இல் படமாக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’. நாதஸ்வரத்தை நிஜமாக வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதும், சிவாஜி வாயில் வைத்துப் பாவனை செய்தார் என்பதும் எல்லோரும் அறிந்தவை. அறிந்திருந்தும் நம்ப மனம் வராதபடி செய்வது எது என்பதே கேள்வி. விரல்களை மட்டும் கவனித்தால் பாதி விஷயம்தான் தெரியும். கழுத்து நரம்பைப் பாருங்கள். ஸ்வரம் மேலே ஏறும்போது அது புடைப்பதும், நீண்ட கார்வை முடிகையில் கன்னத்தில் காற்று மிச்சம் நிற்பதும், மூச்சு வாங்கும் கணத்தில் கண் தவில்காரரான பாலையாவின் பக்கம் ஓடுவதும், கச்சேரி மேடையில் நாம் காணும் லட்சணங்கள். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவற்றை நான் விளக்கத் தேவையில்லை. வாசிக்காமல் இருக்கும் நேரங்களில்கூட அந்த வித்துவான் வாத்தியத்தை ஒரு பண்டமாகக் கையாளுவதில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

அதே படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்து பேசத் தொடங்கும் இடத்தில்தான், ஒரு நாள் முழுதும் பார்ப்பவனுக்குக் கிடைக்கக்கூடிய மேலான ரசனை ஆரம்பமாகிறது என்பேன். கதாநாயகன் அங்கே பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எதிரில் இருப்பவர் ஜெயிக்கட்டும் என்று ஒதுங்கி இருந்து, ஆனால் அந்த ஜெயத்துக்கு வேண்டிய சிரிப்பையும் வியப்பையும் அளவாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பது எத்தனை பெரிய வித்தை! ‘திருவிளையாட’லில் (1965) நாகேஷின் தருமி அடுக்கும் கேள்விகளுக்குப் புலவர் வேஷத்தில் வந்த பரமசிவன் பதில் சொல்லும் கட்டமும் அப்படியே. எல்லோரும் தருமியைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடுத்த முறை தருமியை விட்டுவிட்டுச் சிவனைப் பாருங்கள். பதில்களை நறுக்கென்று முடித்துவிட்டு அசையாமல் நின்று, நாகேஷ் துள்ளுவதற்கான தளத்தை எல்லாம் அவருக்கே விட்டுவிடுகிறார். பிறகு அதே படத்தில் செம்படவனாகக் கடற்கரையில் நடக்கும் நடை வருகிறது. அதைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் நான் விட்டுவிடுகிறேன்.

‘நவராத்திரி’ (1964) அவருக்கு நூறாவது படம். ஒன்பது ரசங்களுக்கு ஒன்பது வேஷம். அன்றைய தினத்தில் அது தவறாமல் வரும் என்பதால் ஒரு வார்த்தை. ஒன்பது பேரையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. ஒன்பது வீட்டுக்கும் ஓடி ஓடிச் செல்லும் சாவித்திரியின் முகமே அந்தப் படத்தின் நூல். தெருக்கூத்துக்காரன் சத்தியவான் சிங்காரத்தோடு அவர் கூத்து மேடையில் ஏறும் பகுதியில், நாடக சபையில் வளர்ந்த ஒரு நடிகர், தம் குலத்தொழிலைத் தாமே பரிகசித்தும் வணங்கியும் ஆடுவதைக் காணலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பிரத்யேகமான படம் இருக்கிறது. அதே நாகராஜன் எடுத்த ‘திருமால் பெருமை’ (1968). அதில் சிவாஜி ஏற்ற ஆழ்வார் வேஷங்களுள் ஒன்று நம்மூர் விஷ்ணுசித்தரான பெரியாழ்வார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்கத்துத் திருவண்ணாமலை ஸ்ரீனிவாசப் பெருமாளைச் சேவிக்கப் போகும் ஜனங்கள், நந்தவனம் இருந்த ஊரிலேயே வசிப்பவர்கள், பெரியாழ்வாரை எந்தச் சினிமாக்காரரிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவேதான் அவர்களே இதற்குக் கடுமையான பரீட்சகர்கள். ‘திருவிளையாட’லில் உலகத்தையே அதட்டிய அந்தத் திருமேனி, மூன்று வருஷத்துக்குள், அதே டைரக்டரின் கையில், முதுகு தாழ்ந்து, பூக்கூடையைக் கடவுளைவிடப் பத்திரமாக ஏந்திக்கொண்டு வருகிறது. மகளைத் தெய்வத்துக்குக் கொடுக்கும் தகப்பனுக்குப் பெருமை மட்டுமா இருக்கும்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பாடல்கள் வரும்போது எழுந்து போகாதீர்கள். டி. எம். சௌந்தரராஜனின் குரலுக்கும் கணேசனின் வாயசைப்புக்கும் நடுவே ஒரு மயிரிழையும் நுழையாது என்பது பழகிப்போன புகழ்ச்சி. நிலையத்தார் நேரம் கருதிப் பாட்டுகளை வெட்டிவிடுவதுதான் வருத்தம். விளம்பர இடைவேளைகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மூன்று மணி நேரப் படம் நான்கு மணி நேரம் ஓடுகிறது. சோறு வடிக்கவும், காஜா எடுக்கவும், இப்போது பார்த்த கட்டத்தைப் பற்றிச் சண்டை போடவும் அந்த அவகாசம் வேண்டியதாகவே இருக்கிறது.

ஆனால் முழு நாளும் பார்த்தே தீருவேன் என்ற சங்கற்பம் வேண்டாம். காலை முதல் இரவு வரை ஒரு நிலையத்தில் ஐந்தாறு படங்கள் வரலாம். மூன்றுக்கு மேல் மனம் கொள்ளாது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எண்பதுகளின் நடுவரை வந்த படங்களில் பல, அவர் சக்தியைப் பழைய பெயரின் வட்டிக்குச் செலவழித்தவை என்று சொல்லத் தயங்க மாட்டேன். அவற்றைத் தள்ளிவிடுவதால் அவருக்குக் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக, எஸ். பாலசந்தர் 1954-இல் ஒரு பாட்டும் இல்லாமல் எடுத்த ‘அந்த நாள்’ கிடைத்தால் விடாதீர்கள்: படம் தொடங்கியவுடனே கதாநாயகன் சுட்டுக் கொல்லப்பட்டுவிடுகிறான், மிச்சப் படம் முழுதும் அவன் எத்தகையவன் என்ற விசாரணை. தேசத்துரோகியாக, இரண்டே வருஷ அனுபவமுள்ள ஒரு நட்சத்திரம் நடிக்கச் சம்மதித்ததை நினைத்துப் பாருங்கள். மில் ஊர்க்காரர்கள் ‘பாசமல’ரைப் (1961) பார்க்கையில், அண்ணன் தங்கைக் கண்ணீரோடு கூட, தொழிலாளியாக இருந்தவன் முதலாளியானதும் அவன் நாற்காலியில் உட்காரும் விதம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்கலாம், 1936-இல் ராஜபாளையத்தில் முதல் மில் எழுந்த நாள் தொட்டு அந்த இரண்டு விதமான உட்காரலையும் கண்ட சீமை இது. ‘தெய்வ மக’னில் (1969) தகப்பனும் இரு மகன்களும் ஒரே அறையில் இருக்கும் கட்டத்தில், சப்தத்தை முழுவதும் அடக்கிவிட்டுப் பாருங்கள். வடு விழுந்த முகத்தை மறைக்கும் மூத்தவனின் கழுத்து, குழைந்து வளையும் இளையவனின் மணிக்கட்டு, குற்ற உணர்வால் கனத்த தகப்பனின் கால்: மூன்று பேரும் மூவராகவே தெரிவார்கள். ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய முதல் தமிழ்ப் படம் அது.

இரவுக்கு ‘முதல் மரியாதை’யை (1985) ஒதுக்குங்கள். பாரதிராஜாவின் கையில் அவர் வந்தபோது வயது ஐம்பத்தாறு. விக்கும் இல்லை, வீராவேசமும் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு பெரியவர் மீனைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் பேசுகிறார், வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிறார், அவ்வளவே. காலையில் ‘பராசக்தி’யைக் கேட்டவர்கள் இரவில் இதைப் பார்த்தால், இடையில் கழிந்த முப்பத்துமூன்று வருஷமும் அந்தக் குரலின் அடியில் தங்கியிருப்பது தெரியும். அதன் பிறகு நேரமிருந்தால் ‘தேவர் மக’னில் (1992) அவர் வரும் முற்பாதி, பெரியவர் மறைந்ததும் படுக்கப் போகலாம்.

யாருடன் பார்ப்பது என்பதும் முக்கியம். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால், அவர்களுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். எந்தக் கொட்டகையில், எந்தத் திருவிழாவுக்குப் போன இடத்தில், யாருக்குத் தெரியாமல் அந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்பது படத்தின் நடுவே தானாக வெளிவரும், அதைக் கேட்பதற்காகச் சில வசனங்களை இழக்கலாம். அடுத்த நாளான அக்டோபர் 2, காந்தியின் பிறந்த நாள் மட்டுமன்று; 1975-இல் அந்தத் தேதியில்தான், விருதுநகர் ஈன்ற தலைவரும் சிவாஜி கடைசி வரை தம் தலைவர் என்று கொண்டாடியவருமான காமராஜர் காலமானார். அன்று விடுமுறையும் இருக்கும். முதல் நாள் தைத்து மாளாமல் ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்க்க முடியாதவர்கள், இணையத்திலோ வேறெங்கோ ஒரே ஒரு படத்தைத் தேடி அன்றைக்குப் பார்ப்பதானால், கட்டபொம்மனை எல்லோரும் பார்த்தாயிற்று. ‘கப்பலோட்டிய தமிழ’னைப் பாருங்கள், பிள்ளைகளையும் உடன் உட்கார வையுங்கள்.